அராஜகவாதி என்று யாரைச் சொன்னார்கள்?

(திருச்செங்கோட்டில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வியாபார நேரத்தையும் பொருட்படுத்தாமல் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களுக்கும், தறிக்கூடங்களிலிருந்தும் ரிக் வண்டிப் பட்டறைகளிலிருந்தும் நேராக இங்கே வந்து அமர்ந்திருக்கும் இளைஞர்களுக்கும் என் நன்றியைத் தெரிவித்துக் கொள்கிறேன்.

இன்று ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது நமக்கு நன்றாகப் பழகிய சொல். "காவல்துறையின் அராஜகப் போக்கைக் கண்டித்து மாபெரும் ஆர்ப்பாட்டம்" என்று எத்தனை சுவரொட்டிகளை நாம் ஒட்டியிருக்கிறோம்! பாபரி பள்ளிவாசல் 1992 டிசம்பர் 6-ல் இடிக்கப்பட்டபோது அதை அராஜகம் என்றோம். கடைக்கு வரும் அதிகாரி மாமூல் கேட்டு மிரட்டினால் அதையும் அராஜகம் என்கிறோம். அராஜகம் என்றால் அட்டூழியம், கேட்பாரில்லாத அநியாயம் என்றுதான் நம் மனத்தில் பதிந்திருக்கிறது.

ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். அராஜகம் என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் என்ன? ராஜா இல்லாத நிலை. அரசன் இல்லாத, அரசு இல்லாத நிலை. அப்படியிருக்க, காவல்துறை செய்வது எப்படி அராஜகமாகும்? காவல்துறைதானே அரசின் கை! பள்ளிவாசலை இடித்தபோது அங்கே அரசு இல்லாமலா போய்விட்டது? மாநிலத்தில் அரசு இருந்தது, மத்தியில் அரசு இருந்தது, காக்கிச் சட்டைகளும் இருந்தன. இருந்தும் இடித்தார்கள். அரசு இருக்கும்போதே நடக்கும் கொடுமைக்கு, அரசு இல்லாமை என்று பொருள்படும் சொல்லை வைத்திருக்கிறோம். இந்த முரண்பாட்டிலிருந்து என் பேச்சைத் தொடங்குகிறேன்.

கொள்கை என்ன சொல்கிறது?

உலகில் அராஜகவாதம் என்று ஒரு கொள்கை இருக்கிறது. அரசின்மைக் கொள்கை என்றும் சொல்லலாம். 1840-ல் பிரான்சில் புரூதோன் என்பவர் தம்மைத் தாமே அராஜகவாதி என்று அழைத்துக்கொண்டார். அதுவரை வசவாக இருந்த சொல்லை அவர் கொள்கையின் பெயராக ஆக்கினார். அவருக்குப் பிறகு ரஷ்யாவிலிருந்து பக்கூனின் வந்தார். இளவரசராகப் பிறந்து அந்தப் பட்டத்தைத் துறந்த குரோப்போட்கின் வந்தார்.

இவர்கள் சொன்னதன் சாரம் இதுதான்: ஒரு மனிதன் இன்னொரு மனிதன்மேல் பலாத்காரத்தால் ஏறி உட்காரக் கூடாது. மன்னனாக இருந்தாலும், முதலாளியாக இருந்தாலும், அதிகாரியாக இருந்தாலும் சரி. மக்கள் தாங்களாகவே கூடி, பேசி, ஒப்புக்கொண்டு தங்கள் காரியங்களை நடத்திக்கொள்ள முடியும். லத்திக்கும் சிறைக்கும் பயந்துதான் மனிதன் ஒழுங்காக இருக்கிறான் என்பது பொய்.

ஆக, ஒழுங்கே வேண்டாம் என்பது அவர்கள் வாதமன்று. ஒழுங்கு வேண்டும், ஆனால் அது மிரட்டலால் வரக்கூடாது என்பதே வாதம். இந்தக் கொள்கையைப் பற்றிய முதல் தப்பெண்ணம் இதோடு போகிறது.

இது நடக்கிற காரியமா என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் மஹல்லாவிலேயே பாருங்கள். ஒரு வீட்டில் மௌத்து ஆகிவிட்டால் நடு இரவானாலும் செய்தி பரவுகிறது. கபர் வெட்ட ஆள் போகிறது. கஃபன் துணி வருகிறது. ஜனாஸாவைச் சுமக்கத் தோள்கள் போட்டி போடுகின்றன. எந்தத் தாசில்தார் உத்தரவு போட்டார்? எந்த இன்ஸ்பெக்டர் வந்து நின்றார்? ரமளானில் முப்பது நாளும் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுகிறார்கள். அரிசி ஒருவர் வீட்டிலிருந்து வருகிறது, விறகு இன்னொருவர் கொடுக்கிறார், கரண்டி பிடிப்பது வேறொருவர். வியாபாரிகளே, பத்திரமில்லாமல், சாட்சியில்லாமல், வெறும் வாக்கை நம்பி நீங்கள் கைமாற்றாகக் கொடுத்து வாங்கிய பணத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குரோப்போட்கின் 1902-ல் 'பரஸ்பர உதவி' என்று ஒரு நூலே எழுதினார். ஒன்றையொன்று அடித்துத் தின்பதால் மட்டும் உயிர்கள் பிழைக்கவில்லை, ஒன்றுக்கொன்று உதவுவதாலும் பிழைக்கின்றன என்று விலங்குகளிலிருந்தும் மனித வரலாற்றிலிருந்தும் எடுத்துக்காட்டினார். அவர் ஆராய்ந்து சொன்ன விஷயத்தை நம் ஜமாஅத்துகளில் அன்றாடம் பார்க்கிறோம்.

வெடிகுண்டும் மே தினமும்

இரண்டாவது தப்பெண்ணம்: அராஜகவாதி என்றால் குண்டு வீசுகிறவன். இது முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். நமக்கு வேண்டியது உண்மை. அவர்களில் சிலர் கொலை செய்தார்கள். 1894-ல் பிரெஞ்சு ஜனாதிபதி கார்னோவைக் குத்திக் கொன்றவரும், 1900-ல் இத்தாலிய மன்னர் உம்பர்ட்டோவைச் சுட்டுக் கொன்றவரும் அராஜகவாதிகள். 1901-ல் அமெரிக்க ஜனாதிபதி மெக்கின்லியைச் சுட்டவரும் தம்மை அப்படித்தான் சொல்லிக்கொண்டார். ஒரு செயல் ஆயிரம் பிரசுரங்களுக்குச் சமம் என்று அவர்களில் ஒரு சாரார் நம்பினார்கள்.

விளைந்தது என்ன? மன்னர் போனார், மகன் அரியணை ஏறினார். ஜனாதிபதி போனார், துணை ஜனாதிபதி அந்த நாற்காலிக்கு வந்தார். ஆனால் அரசுகளுக்குக் கையில் சாட்டை கிடைத்தது. 1903-ல் அமெரிக்கா, அராஜகக் கருத்து உடையவர் எவரும் நாட்டுக்குள் நுழையக் கூடாது என்று சட்டமே போட்டது. குற்றம் செய்தவரை மட்டும் பிடிக்கும் சட்டமன்று அது. கருத்து வைத்திருந்தவரையே குற்றவாளியாக்கிய சட்டம். ஒரு கொலைகாரனின் கத்திக்கு, எறும்புக்கும் தீங்கு நினைக்காத ஆயிரம் பேர் விலை கொடுத்தார்கள்.

அதே மக்களின் மறுபக்கத்தையும் பாருங்கள். இந்த ஊரின் தறித் தொழிலாளர்கள் மே தினத்தை அறிவார்கள். அந்த மே தினம் எங்கிருந்து வந்தது? 1886 மே மாதம் அமெரிக்காவின் சிகாகோ நகரில் எட்டு மணி நேர வேலை கேட்டுத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டத்திலிருந்து வந்தது. மே 4 அன்று ஹேமார்க்கெட் திடலில் நடந்த கூட்டத்தில் யாரோ ஒருவர் குண்டு வீசினார். போலீஸ்காரர்களும் பொதுமக்களும் இறந்தார்கள். வீசியது யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அராஜகவாதிகள் எட்டுப் பேர்மேல் வழக்குப் போட்டார்கள். பேசினார்கள், எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள் என்பதே சான்றாயிற்று. 1887 நவம்பர் 11-ல் நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். ஒருவர் அதற்கு முதல்நாள் சிறையிலேயே இறந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1893-ல், அந்த மாநில ஆளுநர் ஆல்ட்கெல்ட் எஞ்சியிருந்த மூவரையும் விடுதலை செய்தார். நடந்த விசாரணை நியாயமானதன்று என்றும் எழுதிவைத்தார். தூக்கில் போனவர்கள் திரும்பி வருவார்களா?

1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியது இந்த மரணங்களின் நினைவில்தான். இன்று அரசே விடுமுறை விடுகிறது. தூக்கிலிடப்பட்டவர்கள் அராஜகவாதிகள் என்பது மட்டும் மறந்துபோயிற்று.

திருவல்லிக்கேணியிலிருந்து ஒருவர்

மூன்றாவது தப்பெண்ணம்: இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சம்பந்தம் உண்டு சகோதரர்களே! அதுவும் தமிழோடும், முஸ்லிம்களோடும் உண்டு.

1887-ல் சென்னையில் பிறந்தவர் எம்.பி.டி. ஆச்சார்யா. மண்டயம் வைணவ ஐயங்கார் குடும்பம். மகாகவி பாரதியார் நடத்திய 'இந்தியா' பத்திரிகையோடு தொடர்புடையவர். வெள்ளையர் அடக்குமுறை முற்றியதும் நாட்டைவிட்டு வெளியேறி, 1908-ல் லண்டன் போய்ச் சேர்ந்தார். 1909-ல் மொராக்கோவின் ரீஃப் முஸ்லிம்கள் ஸ்பெயினை எதிர்த்துப் போராடியபோது, அவர்களோடு சேர்ந்து நின்று போர் புரியவேண்டும் என்று புறப்பட்டவர் இந்த ஐயங்கார் வீட்டுப் பிள்ளை! அது கைகூடவில்லை. பின்பு கான்ஸ்டான்டிநோபிள், பெர்லின், காபூல் என்று அலைந்தார்.

1920-ல் கிலாபத் உணர்வால் உந்தப்பட்டு ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் வெள்ளையர் ஆண்ட இந்தியாவைத் துறந்து ஆப்கானிஸ்தானுக்கு ஹிஜ்ரத் போன வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். அந்த முஹாஜிர்களில் சில இளைஞர்கள் தாஷ்கண்ட் வரை சென்றார்கள். அங்கே 1920 அக்டோபர் 17-ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அமைக்கப்பட்டபோது செயலாளராக முகமது ஷஃபீக் தேர்ந்தெடுக்கப்பட்டார், தலைவராக ஆச்சார்யா. ஆனால் எம்.என். ராயோடு ஆச்சார்யாவுக்கும் அவருடைய தோழர் அப்துர் ரப் பேஷாவரிக்கும் கருத்து மோதல் ஏற்பட்டது. சில மாதங்களிலேயே ஆச்சார்யா வெளியேற்றப்பட்டார். மக்களின் பெயரால் ஒரு கட்சி எல்லா அதிகாரத்தையும் கையில் எடுத்துக்கொண்டால் எப்படியிருக்கும் என்பதை நேரில் பார்த்துவிட்டு, 1922-ல் பெர்லின் திரும்பினார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் அராஜகவாதியாகவே எழுதினார். 1935-ல் பம்பாய்க்கு வந்தார். அங்கேயே வறுமையில், 1954-ல் காலமானார்.

ஆச்சார்யா வெறுத்தது மக்களையும் அல்ல, ஒழுங்கையும் அல்ல. வெள்ளைக்காரனின் அதிகாரத்தை எதிர்த்துக் கிளம்பியவர், மாஸ்கோவின் அதிகாரத்தையும் அதே கண்ணோடு பார்த்தார். எஜமான் மாறுவது விடுதலை ஆகாது என்பது அவர் நிலைப்பாடு. சுதந்திர இந்தியாவில் அவர் பெயரைச் சொல்ல ஆளில்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

முத்திரை குத்திய சட்டம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ரௌலட் சட்டம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்தச் சட்டத்தின் உண்மையான பெயர் என்ன தெரியுமா? 'அராஜக, புரட்சிக் குற்றங்கள் சட்டம், 1919'. வெள்ளைக்காரன் நம் நாட்டு விடுதலை வீரர்களுக்கு வைத்த பெயர் அராஜகவாதி! அவர்களில் பெரும்பாலோர் புரூதோனைப் படித்தவர்களும் அல்லர், அரசே வேண்டாம் என்றவர்களும் அல்லர். சொந்த அரசு வேண்டும் என்றவர்கள். சொந்த அரசு கேட்டவர்களை அரசற்றவர்கள் என்று எழுதிவைத்துக்கொண்டு அடித்தார்கள்.

விசாரணையில்லாமல் அடைத்து வைக்கலாம், ஜூரி இல்லாமல் விசாரிக்கலாம், தண்டித்தால் மேல்முறையீடு இல்லை. "தலீல் இல்லை, வக்கீல் இல்லை, அப்பீல் இல்லை" என்று பஞ்சாப் மக்கள் முழக்கமிட்டார்கள். தலீல் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆதாரமே தேவையில்லாத சட்டம். இதைக் கண்டித்து மத்திய சட்டசபை உறுப்பினர் பதவியை ராஜினாமா செய்தார் முகமது அலி ஜின்னா. 1919 மார்ச்சில் சென்னை வந்திருந்த காந்தியார், ராஜாஜியின் இல்லத்தில் தங்கியிருந்தபோதுதான் நாடு தழுவிய ஹர்த்தால் என்ற யோசனை அவருக்குத் தோன்றியது. டெல்லி ஜும்ஆ மஸ்ஜிதின் மிம்பரில் சுவாமி சிரத்தானந்தர் ஏறிப் பேசிய அதிசயமும் அந்த நாட்களில்தான் நடந்தது. அமிர்தசரஸில் டாக்டர் சைஃபுத்தீன் கிச்சுலுவும் டாக்டர் சத்யபாலும் கைதானார்கள். அதைக் கண்டித்து ஏப்ரல் 13-ல் கூடிய கூட்டத்தின் மீதுதான் ஜாலியன்வாலா பாக்கில் குண்டு மாரி பொழிந்தார்கள். அரசுக் கணக்குப்படியே 379 பேர் மடிந்தார்கள். இந்து, முஸ்லிம், சீக்கியர் இரத்தம் ஒரே மண்ணில் கலந்தது.

யார் அராஜகவாதி? கையில் ஆயுதமில்லாமல் கூடியவர்களா? வாசலை அடைத்துக்கொண்டு சுட்டவர்களா?

அந்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டத்துக்குத் தம் வீட்டிலிருந்தே வித்து விழக் கண்ட ராஜாஜி யார்? சேலத்து வக்கீல். நம் ஊருக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் 1925-ல் காந்தி ஆசிரமம் அமைத்தவர். கதரும் மதுவிலக்கும் அரசாங்கத்தின் கையை எதிர்பாராமல் மக்களால் நடத்தப்படவேண்டும் என்று அங்கே உட்கார்ந்து உழைத்தவர். அவருடைய குரு காந்தியாரோ, தாமும் ஓர் அராஜகவாதிதான், ஆனால் வேறு வகையைச் சேர்ந்தவர் என்று 1916-ல் காசியில் வெளிப்படையாகச் சொன்னவர்.

அதே ராஜாஜி 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். பள்ளிகளில் இந்தி கட்டாயம் என்றார். தமிழகம் கொதித்தது. சட்டமன்றத்தில் பி. கலீஃபுல்லா சாஹிப் எழுந்து, நான் ராவுத்தர், என் தாய்மொழி தமிழ் என்று எடுத்துரைத்தார். மறியல் செய்தவர்கள்மீது ராஜாஜி எதைப் பாய்ச்சினார்? காங்கிரஸ்காரர்களை ஒடுக்க வெள்ளைக்காரன் கையாண்ட குற்றச் சட்டத் திருத்தச் சட்டத்தையே பாய்ச்சினார்! ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றார்கள். நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தில் உயிரிழந்தார்கள்.

ராஜாஜி தனிப்பட்ட முறையில் எளிமையானவர், நேர்மையானவர். அதை யாரும் மறுக்கமுடியாது. அப்படிப்பட்டவரே நாற்காலியில் அமர்ந்ததும், நேற்றுத் தம் முதுகில் விழுந்த தடியையே எடுத்தார் என்றால், அராஜகவாதிகள் நாற்காலியைச் சந்தேகிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நமக்கு எங்கே வேறுபாடு?

அப்படியானால் நாமும் அராஜகவாதிகளாகிவிடலாமா என்று ஓர் இளைஞர் கேட்கலாம். இல்லை என்பது என் பதில். காரணம் சொல்கிறேன்.

இந்தக் கேள்வி இஸ்லாமிய வரலாற்றுக்குப் புதிதன்று. ஆரம்ப நூற்றாண்டுகளிலேயே காரிஜிய்யாக்களில் நஜ்தாத் என்ற பிரிவினரும், முஃதஸிலா அறிஞர் அபூபக்ர் அல்அஸம்மும், மக்கள் தமக்குள் நீதியாக நடந்துகொண்டால் இமாம் என்று ஒருவர் தேவையில்லை என்று வாதிட்டார்கள். உலமாக்களின் பெரும்பான்மை அதை ஏற்கவில்லை. மூன்று பேர் பயணம் போனாலும் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளும்படி வழிகாட்டிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத் நாம். அதே சமயம், படைத்தவனுக்கு மாறுசெய்யும் விஷயத்தில் எந்தப் படைப்புக்கும் கீழ்ப்படிதல் இல்லை என்பதும் அவர்கள் கற்றுத்தந்ததுதான். முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் பொறுப்பேற்ற அன்றே, தாம் தவறினால் தம்மைத் திருத்தும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். தலைமை உண்டு, ஆனால் தலைவன் எஜமானன் அல்லன். பக்கூனினைப் போன்றவர்கள் மன்னனை மறுத்ததோடு நிற்காமல் இறைவனையும் மறுத்தார்கள். டால்ஸ்டாயைப் போன்றவர்களோ, இறைவன் ஒருவனுக்கே கட்டுப்பட வேண்டும் என்பதால்தான் அரசை மறுத்தார்கள். இறைமறுப்பில் நமக்கும் அவர்களுக்கும் ஒட்டோ உறவோ இல்லை.

உலகியல் காரணம் ஒன்றும் உண்டு. அதை நம் ஊரே காட்டியது. 2015 ஜூன் மாதம், இதே திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த குற்றத்துக்காக ஒரு தலித் பொறியியல் பட்டதாரி கடத்திச் செல்லப்பட்டார். மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். அவரைக் கொன்றது அரசாங்கமா? இல்லை, ஊரின் சாதித் திமிர். 2022 மார்ச்சில் மதுரைத் தனி நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சட்டமும் நீதிமன்றமும் இல்லாதிருந்தால் அந்தத் தாய்க்கு அந்த நீதியாவது கிடைத்திருக்குமா? அரசை அகற்றினால் எல்லாரும் சமமாகிவிட மாட்டார்கள். ஊரில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவனே அரசனாகிவிடுவான். சிறுபான்மையினரான நமக்கு இது புத்தகப் பாடமன்று. கும்பல் வரும்போது சட்டம்தான் நமக்குக் கேடயம். அந்தக் கேடயமே சில நேரம் நம்மேல் தடியாக விழுகிறது என்பதுதான் நம் துயரம். கேடயத்தைத் தூக்கி எறிவது அதற்குப் பரிகாரமாகாது. அதைப் பிடித்திருக்கும் கையைக் கேள்வி கேட்பதே பரிகாரம்.

இளைஞர்களே, உங்களுக்கு!

அன்று அராஜகவாதி என்றார்கள். இன்று தீவிரவாதி என்கிறார்கள். தடா சட்டம் 1985-ல் வந்து 1995-ல் காலாவதியானது. அதற்குள் 76 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் கைதானார்கள். தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 2002-ல் பொடா வந்தது. மேடையில் பேசியதற்காக வைகோ அதில் சிறைவைக்கப்பட்டார். 2004-ல் அது போயிற்று. அதன் முக்கியப் பிரிவுகள் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குள் புகுந்துகொண்டன. பெயர் மாறுகிறது, தலீல் இல்லாமல் அடைத்து வைக்கும் ஆசை மாறவில்லை.

ஆனால் நமக்கு நாமே உண்மை பேசிக்கொள்ள வேண்டும். 1997 நவம்பர், டிசம்பரில் கோவையில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து நடந்த துப்பாக்கிச் சூட்டிலும் கலவரத்திலும் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். நெஞ்சு பொறுக்காத கொடுமை அது. 1998 பிப்ரவரி 14-ல் அதே கோவையில் குண்டுகள் வெடித்து 58 உயிர்கள் போயின. அவர்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தாம். அந்தக் குண்டுகளால் ஒரு முஸ்லிம் விதவையின் கண்ணீராவது துடைக்கப்பட்டதா? தமிழகம் முழுதும் முஸ்லிம் வீடுகளின் கதவுகள் தட்டப்பட்டன. அப்துல் நாசர் மதானி ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல் சிறையிலிருந்துவிட்டு, 2007-ல் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். போன ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்கள்? கார்னோவையும் மெக்கின்லியையும் கொன்றவர்களின் கதையைச் சொன்னேனே, அதுவேதான் இங்கும் நடந்தது. அப்பாவியைக் கொல்வது மார்க்கத்தில் பெரும் பாவம். அதோடு, அது அடக்குமுறைக்கு நாமே எழுதிக்கொடுக்கும் பத்திரம். உங்களிடம் இரகசியமாக வந்து ஆயுதம் பேசுகிறவன் யாராக இருந்தாலும், அவன் உங்கள் எதிரிக்கு வேலை செய்கிறான் என்று அறிந்துகொள்ளுங்கள்.

அதற்குப் பதில் சட்டத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு. தடுப்புக் காவலுக்கு அதே பிரிவு விலக்குக் கொடுத்திருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் அநியாயம் நுழைகிறது. கைதுக் குறிப்பு எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் வகுத்துக்கொடுத்தது. இதை ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு பலகையில் எழுதி மாட்டலாம்.

வணிகப் பெருமக்களே, ஒருவன் கைதானான் என்று பத்திரிகையில் வந்த மறுநாளே அவன் குடும்பத்துக்குக் கடைக் கதவைச் சாத்தாதீர்கள். கைது தீர்ப்பாகாது. செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. உங்கள் பைத்துல்மாலிலிருந்து ஒரு வக்கீலுக்குப் பணம் போனால் அது ஓர் ஏழை வீட்டுக்குத் தலீல் வாங்கிக் கொடுத்ததாகும். அப்படியே ஜமாஅத்தின் வரவு செலவையும் ஆண்டுதோறும் எல்லார் முன்னிலையிலும் படித்துக் காட்டுங்கள். முத்தவல்லி நாற்காலியும் நாற்காலிதான்!

கடைசியாக ஒன்று. நம்மேல் குத்தப்படும் முத்திரைக்காகக் குமுறும் நாம், நமக்குள் எத்தனை முத்திரைகள் வைத்திருக்கிறோம்? அவன் வஹ்ஹாபி, இவன் கப்ரு வணங்கி, அவன் வழிகெட்டவன், இவன் விலைபோனவன். அந்த மனிதர் உண்மையில் என்ன சொன்னார் என்று ஒருமுறையாவது உட்கார்ந்து கேட்டோமா? ஒரு கூட்டத்தார்மேல் உள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது இறைமறையின் போதனை. நாம் ஏற்காத அராஜகவாதிகளைப் பற்றி இவ்வளவு நேரம் நான் பேசியது அதற்காகத்தான். கடவுளை மறுத்தவனுக்குக்கூட நீதியாகப் பேசக் கற்றுக்கொண்டால், பக்கத்து ஸஃப்பில் நிற்கும் சகோதரனிடம் நீதியாக நடப்பது கடினமாகுமா?

அடுத்த முறை 'அராஜகத்தைக் கண்டித்து' என்று சுவரொட்டி அடிக்கும்போது சற்று நில்லுங்கள். நடந்தது அதிகார மீறலானால் அதிகார மீறல் என்று எழுதுங்கள். கும்பல் வெறியானால் கும்பல் வெறி என்று எழுதுங்கள். பெயரைச் சரியாகச் சொன்னால்தான் யாரிடம் நியாயம் கேட்பது என்பது விளங்கும்.

நீதியின்மீது நிலைத்து நிற்கும் சமுதாயமாக நம்மை வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன். அஸ்ஸலாமு அலைக்கும்.